உப்புக்கு மூன்று வழி: கடலோரத்தில் புல் வளர்த்துக் கற்றது

2017 தை மாதம் தரங்கம்பாடியில் ஒரு விடுதிக்கு 340 தூர் சிவப்பு ஃபவுண்டன் புல்லும், 1,200 சதுர அடிக்குக் கார்பெட் புல்லும் போட்டுக் கொடுத்தேன். சித்திரை பிறப்பதற்குள் பாதிக்கு மேல் காய்ந்துவிட்டது. மறுபடி நட்டுக் கொடுத்ததில் என் கையிலிருந்து 68,000 ரூபாய் போனது. பணம் போனதைவிட, ஏன் காய்ந்தது என்று விடுதிக்காரர் கேட்டபோது சொல்லப் பதில் இல்லாமல் நின்றதுதான் எனக்கு வலித்தது. அந்தப் பதிலைத் தேடிய வருஷங்களில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். கடலோரத்தில் வீடு கட்டி, வாசலில் நாலு புல் அசையட்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு உதவும்.

எங்கள் நர்சரி ஆக்கூர் பக்கம். வண்டல் மண், வாய்க்காலில் காவிரித் தண்ணீர். குச்சியை ஊன்றினாலும் தளிர்க்கும் இடம். அங்கே வளர்ந்த செடி கடலோரத்திலும் வளரும் என்று நினைத்துவிட்டேன். தூரம் 12 கிலோமீட்டருக்குள்தான். ஆனால் அந்தத் தூரத்துக்குள் மண்ணும் தண்ணீரும் காற்றும் மூன்றும் மாறிவிடுகின்றன.

செடி காய ஆரம்பித்ததும் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். தண்ணீர் போதவில்லை என்று ஸ்பிரிங்க்ளரை இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாக ஓடவிட்டேன். உரம் போதவில்லை என்று பொட்டாஷ் போட்டேன். யாரோ சொன்னார்கள் என்று 6 மூட்டை ஜிப்சம் தூவினேன். மூன்றில் இரண்டு காரியத்தைக் கெடுத்தன, மூன்றாவது வீண் செலவு. அது அப்போது எனக்குத் தெரியாது.

விஷயத்தை விளங்க வைத்தவர் ஒரு ஆயா. விடுதிக்கு வடக்கே கருவாடு காயப்போடுகிறவர். தினமும் நான் செடி முன்னால் உட்கார்ந்து இலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு ஒருநாள் கிட்டே வந்தார்.

"ஏம் பாப்பா, ஒரு பக்கந்தானே கருகியிருக்கு? மறுபக்கம் பச்சையாத்தானே நிக்குது. வேர்ல உப்புன்னா ரெண்டு பக்கமும்ல காயணும்?"

எழுந்து நின்று பார்த்தேன். அவர் சொன்னது நிஜம். முன்வரிசைத் தூர்களில் கடலைப் பார்த்த பக்கம் முழுக்கப் பழுப்பு. மேற்கே திரும்பிய பக்கம் சிவப்பு நிறம் மாறாமல் இருந்தது. ஒரே தூர்தான், ஆனால் யாரோ நடுவே கோடு போட்டுப் பிரித்த மாதிரி இருந்தது.

"கொண்டல் காத்து அடிச்ச பக்கந்தான் வெந்திருக்கு. எங்க கதவுத் தாழ்ப்பாளும் அந்தப் பக்கந்தான் துருப்பிடிக்கும்," என்றார்.

அதன்பிறகுதான் தோட்டம் முழுவதையும் ஒரு சுற்று சுற்றி வந்தேன். ஒரே தோட்டம் மூன்று விதமாகக் காய்ந்திருந்தது. முன்வரிசையில் கடல் பக்கம் மட்டும் கருகல். புல்தரையில், ஸ்பிரிங்க்ளர் தலை சுற்றித் தெளிக்கும் வட்டம் எங்கெங்கே விழுகிறதோ அங்கெல்லாம் அதே வட்டத்தில் நுனி கருகல். வட்டத்துக்கு வெளியே நன்றாக இருந்தது. தென்மேற்கு மூலையில், தரை சற்றுப் பள்ளமான இடத்தில், புல் மொத்தமாகச் செத்து, காலையில் மண்மேல் வெள்ளை பூத்துக் கிடந்தது. அதாவது முதல் இடத்தில் உப்பு காற்றில் வந்தது, இரண்டாவதில் தண்ணீரில், மூன்றாவதில் மண்ணிலேயே இருந்தது.

எனக்கு இதில் கிடைத்த பாடம் இந்த ஒன்றுதான், மற்றதெல்லாம் இதன் கிளைகள். "உப்பைத் தாங்கும் புல் எது?" என்று கடையில் கேட்காதீர்கள். உங்கள் இடத்துக்கு உப்பு எந்த வழியில் வருகிறது என்று முதலில் பாருங்கள். காற்றில் வரும் உப்பைத் தாங்கும் செடி, வேரில் வரும் உப்பைத் தாங்காமல் போகலாம். தாங்கும் புல்லே ஆனாலும், உப்புத் தண்ணீரை இலைமேல் தெளித்தால் கருகலாம்.

நுனி ஏன் முதலில் காய்கிறது என்று கேட்பார்கள். வேர் உறிஞ்சும் தண்ணீரோடு உப்பும் ஏறுகிறது. தண்ணீர் இலையில் ஆவியாகிவிடுகிறது, உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. ஓட்டம் முடியும் இடம் நுனி, அதனால் சேருமிடமும் நுனி. வேர்ப்பக்கம் நடப்பதற்கு மாவடு ஊறுகாய்தான் சரியான உதாரணம். உப்பில் போட்ட மாவடு தன் தண்ணீரை விட்டுச் சுருங்குகிறது இல்லையா, உப்பு மண்ணில் வேரின் நிலையும் அதுதான். சுற்றி ஈரம் இருக்கும், செடிக்குள் போகாது. அதனால்தான் உப்பால் காய்கிற செடி தண்ணீரில்லாமல் காய்கிற மாதிரியே தெரியும். நாமும் மேலும் மேலும் அதே உப்புத் தண்ணீரை ஊற்றுவோம்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏமாந்து போகும் இடம் இதுதான்.

அந்த விடுதியில் 120 அடி போர். கடலோரத்தில் "ஆழமாகப் போட்டால் நல்ல தண்ணி வரும்" என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. மணற்பாங்கான கடற்கரையில் பெரும்பாலும் நடப்பது தலைகீழ். பெய்த மழைத்தண்ணீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் கடல்தண்ணீர்மேல் மிதந்துகொண்டு நிற்கும். நல்ல தண்ணீர் எடை குறைவு, உப்புத்தண்ணீர் எடை கூடுதல். கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் நிற்கும் என்பது கணக்கு. அதையே திருப்பிப் பாருங்கள்: மோட்டார் போட்டு இறைத்து மேல்மட்டத்தை ஓரடி இறக்கினால், அடியிலிருந்து உப்பு 40 அடி மேலே ஏறி வரும். மீனவர் குடியிருப்புகளில் மணலில் ஆழமில்லாமல் ஊற்றுத் தோண்டி, குடத்தில் மொண்டு எடுப்பார்களே, அந்த வழக்கத்தில் இருந்த அறிவு இதுதான்.

தண்ணீரில் கரைந்த உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும் டிடிஎஸ் பேனா ஒன்று வாங்கினேன். சில நூறு ரூபாய்தான். போர்த் தண்ணீரில் முக்கினால் 3,300க்குப் பக்கம் காட்டியது. அதே வளாகத்தில் 20 அடியில் ஒரு ஃபில்டர் பாயிண்ட், அதாவது நுனியில் வடிகட்டி உள்ள ஆழமில்லாத குழாய், போட்டோம், 640 காட்டியது. ஒரே காம்பவுண்டுக்குள், ஐந்து பங்கு வித்தியாசம். அந்த ஃபில்டர் பாயிண்டில் காலையில் 40 நிமிஷம், சாயங்காலம் 40 நிமிஷம் மட்டும் சின்ன மோட்டாரில் இறைக்கிறோம். தொடர்ந்து 3 மணி நேரம் ஓட்டிப் பார்த்த ஒருநாள் எண் ஏறிக்கொண்டே போனது, அன்றோடு நிறுத்திவிட்டோம்.

பேனா காட்டும் எண்ணை வேளாண்மைக் கணக்கோடு ஒப்பிடும்போது கவனம் வேண்டும். மண், தண்ணீர் ஆய்வு அறிக்கையில் மின்கடத்துத்திறன் என்று இருக்கும், அலகு மீட்டருக்கு டெசிசீமென்ஸ், சுருக்கமாக டெசிசீமென்ஸ் என்கிறேன். 1 டெசிசீமென்ஸ் என்பது லிட்டருக்கு சுமார் 640 மில்லிகிராம் உப்பு. மலிவான பேனாக்களில் பல 500 என்று கணக்குப் போட்டுக் காட்டும். முடிந்தால் மின்கடத்துத்திறனையே காட்டும் பேனாவாக வாங்குங்கள், குழப்பம் இருக்காது. கடல்தண்ணீர் சுமார் 50 டெசிசீமென்ஸ் என்று மனதில் வைத்துக்கொண்டால், நம் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று உடனே புரியும்.

உப்புத் தண்ணீரைத் தவிர வேறு வழியில்லை என்றால், ஸ்பிரிங்க்ளரை முதலில் கழற்றுங்கள். இலையில் பட்டால் வேரில் படுவதைவிடக் கெடுதல் அதிகம். பட்டே ஆக வேண்டுமென்றால் இரவில் விடுங்கள். வெயிலில் விட்டால் துளி காய்ந்து உப்பு அப்படியே இலையில் ஒட்டிவிடும். இரண்டாவது, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மேலாகத் தெளிக்காதீர்கள். வேருக்குக் கீழே இறங்குகிற அளவுக்கு நிறைய விடுங்கள், உப்பும் சேர்ந்து கீழே இறங்கும். அதேசமயம் மண் முழுக்கக் காய்ந்துபோகவும் விடக்கூடாது. காயக் காய, மிச்சமிருக்கும் ஈரத்தில் உப்பு கெட்டியாகிக்கொண்டே போகும்.

சொட்டுநீர் போட்டவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சொட்டும் இடத்தைச் சுற்றி ஈரம் பரவி நிற்கும் ஓரத்தில் உப்பு வளையம் கட்டும். நடுவில் செடி நன்றாக இருக்கும். ஐப்பசியில் முதல் தூறல் விழுந்ததும் "மழைதான் வந்துடுச்சே" என்று மோட்டாரை நிறுத்துவோம். அந்தத் தூறல் ஓரத்து உப்பைக் கரைத்து நேராக வேருக்குள் தள்ளும். மழைக்குப் பிறகு செடி செத்தது என்று என்னிடம் வந்த இரண்டு பேர் வீட்டில் நடந்தது இதுதான். கனமழை இறங்கும்வரை சொட்டுநீரை ஓடவிடுங்கள்.

காற்றுக்கு வருகிறேன். மதில் எழுப்பினால் போதும் என்பார்கள். மதிலில் மோதிய காற்று மேலே ஏறி, மதிலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சுழன்று விழும். உப்பும் அங்கேயே விழும். காற்றைத் தடுப்பதைவிட வடிகட்டுவதுதான் நல்லது. சவுக்கு மிலாறு வைத்துக் கட்டிய படல், தென்னங்கீற்றுத் தட்டி, இல்லையென்றால் தாழை வேலி. காற்றில் பாதி உள்ளே நுழையட்டும், உப்புத் துளி தட்டியில் தங்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் காற்று பலமாக இருந்தாலும் மழை இலையைக் கழுவிக்கொண்டே இருக்கும். ஆபத்து தை, மாசியில். வாடைக்காற்று நிற்காது, மழை நின்றுவிடும். பங்குனி, சித்திரையில் மதியத்துக்குமேல் வரும் கடற்காற்றும் அப்படித்தான். நான் 340 தூரை நட்டது சரியாக அந்தத் தை மாதத்தில். வேர் பிடிக்காத கன்று, காவிரித் தண்ணீரில் வளர்ந்த மெல்லிய இலை, கழுவ மழையில்லாத காற்று.

இப்போது புரட்டாசி நடுவில் நடுகிறேன், அரையடி மேடு கட்டி. மழை தொடங்கும்போது வேர் ஓடியிருக்கும். கார்த்திகையில் தண்ணீர் தேங்கினாலும் மேட்டில் அழுகாது. கடலோரத்துக்குப் போக வேண்டிய தூர்களை நர்சரியிலேயே ஆறு வாரம் பழக்குகிறேன். முதல் வாரம் ஒரு பங்கு உப்புத் தண்ணீருக்கு நாலு பங்கு நல்ல தண்ணீர், பிறகு படிப்படியாகக் கூட்டுவது. இதைச் செய்ய ஆரம்பித்த பிறகு நட்டதில் சாவு வெகுவாகக் குறைந்தது. நட்ட முதல் இரண்டு மாதம் மட்டும், எப்பாடு பட்டாவது நல்ல தண்ணீர் கொடுங்கள். அதற்காக டேங்கர் வாங்கினாலும் நஷ்டமில்லை. வாங்கும்போது பேனாவை டேங்கருக்குள்ளும் ஒருமுறை முக்கிப் பாருங்கள்.

மண்ணுக்கு நம்மிடம் பழைய வார்த்தைகள் இரண்டு உண்டு: உவர், களர். இரண்டையும் ஒன்றாகப் பேசிவிடுகிறோம், இரண்டும் வேறு நோய். உவர் என்றால் மண்ணில் உப்பு அதிகம். வெள்ளை பூக்கும், தண்ணீர் மட்டும் எளிதில் இறங்கும். களர் என்றால் களித்துகளில் சோடியம் ஒட்டிக்கொண்டு மண்ணின் கட்டுமானமே உடைந்துபோன நிலை. மழை பெய்தால் சேறாகிக் குழம்பும், காய்ந்தால் பாறையாகும், தண்ணீர் இறங்கவே இறங்காது. ஜிப்சம் களருக்கு மருந்து. அதிலுள்ள கால்சியம் சோடியத்தை இறக்கிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். வெறும் உவருக்கு ஜிப்சம் தேவையில்லை. நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுவதுதான் வழி. நான் தூவிய 6 மூட்டையும் வெறும் உவர் மணலில் விழுந்தது.

எது என்று வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடி டம்ளரில் மழைத்தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்த மண்கட்டி ஒன்றை, சுண்டைக்காய் அளவு போதும், அசைக்காமல் மெதுவாக உள்ளே விடுங்கள். ஆட்டாமல் இரவு முழுக்க வைத்துவிடுங்கள். காலையில் கட்டி உதிர்ந்து கிடந்தாலும் மேலே தண்ணீர் தெளிவாக இருந்தால், களர் இல்லை. கட்டியைச் சுற்றிப் பால் கலந்த மாதிரி மங்கலாக ஒரு வட்டம் பரவியிருந்தால், களர். மழைத்தண்ணீர்தான் வேண்டும், இல்லையென்றால் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர். போர்த் தண்ணீரில் செய்தால் அதிலுள்ள உப்பே களித்துகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பொய் சொல்லிவிடும்.

இதற்குமேல் சந்தேகம் இருந்தால் மண்ணை ஆய்வுக்குக் கொடுங்கள். நாகப்பட்டினம் பக்கம் இருப்பவர்கள் சிக்கல் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுப் பார்க்கலாம். அறிக்கை வந்ததும், மண்ணைத் தண்ணீரில் கலந்த விகிதம் என்ன என்று கேளுங்கள். 4 டெசிசீமென்ஸுக்கு மேல் போனால் உவர்நிலம் என்பது, மண்ணைக் குழைத்து நிறைவுற்ற நிலையில் எடுத்த சாற்றுக்கான கணக்கு. அதிகத் தண்ணீரில் கரைத்து அளந்தால் எண் சின்னதாக வரும், அதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

கடலோரத்தில் தோட்டம் போடும்போது பள்ளத்தை நிரப்ப லோடு மண் அடிப்போம். எங்கிருந்து வந்த சவுடு என்று கேட்காமல் கொட்டிவிட்டால், உப்பைக் காசு கொடுத்து வாங்கின கதைதான். விடுதியின் தென்மேற்கு மூலையில் வெள்ளை பூத்தது அப்படி வந்த மண்ணில்தான். அதைக் கழுவினோம். ஓரடி ஆழ மண்ணுக்கு ஓரடி நல்ல தண்ணீர் நின்று இறங்கினால் உப்பில் பெரும்பங்கு போய்விடும். இறங்கின தண்ணீர் வெளியேற வழி வேண்டும், இல்லையென்றால் ஆவியாகும்போது உப்பு மறுபடி மேலே வரும். நாங்கள் ஒன்றரை அடி ஆழத்தில் ஒரு வடிகால் வெட்டி, மழைக்காலத்தை அதற்கு விட்டுவிட்டோம். 2004 சுனாமியில் கடல் ஏறிய வயல்களை நம் பக்கத்தில் மீட்டதும் இந்த முறையில்தான்: கழுவுதல், வடிகால், தேவைப்பட்ட இடத்தில் ஜிப்சம், பிறகு தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதல். மணல்நிலம் சீக்கிரம் தேறியது, களிமண் நாளெடுத்தது. தோட்டத்துக்கும் அதே கதைதான்.

பொட்டாஷ் போட்டேன் என்றேனே, கடையில் சாதாரணமாகக் கிடைப்பது மியூரியேட் ஆஃப் பொட்டாஷ். அதில் குளோரைடு இருக்கிறது. உப்பால் அவதிப்படும் செடிக்கு அது இன்னும் உப்பு. சாம்பல்சத்து தேவையென்றால் சல்பேட் வடிவத்தில் வாங்குங்கள், அளவைக் குறைத்து.

இனி புற்கள். நான் நட்டுப் பார்த்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

தரைக்குப் போடும் புல்லில் உப்புக்கு ராஜா பாஸ்பாலம். கோல்ஃப் மைதானங்களில் போடுவது. உவர்த்தண்ணீர் பாய்ச்சினாலும் பச்சை மாறாது. ஆனால் நர்சரிப் பெயர்கள் நம்பக்கூடியவை அல்ல. கொரியன், மெக்சிகன், பெர்முடா, கார்பெட் என்று ஒரே புல்லுக்கு ஊருக்கொரு பெயர், ஒரே பெயருக்கு ஊருக்கொரு புல். ஒருமுறை பாஸ்பாலம் என்று வெளியூரிலிருந்து 800 சதுர அடி வந்தது. விரித்து, வேர் பிடித்து, ஒரு மாதம் கழித்து ஒரு ஓரத்தை வெட்டாமல் விட்டதில் பூத்தது. பூவைப் பார்த்ததும் நெஞ்சு கனத்துவிட்டது. பாஸ்பாலத்தின் பூங்கதிர் நுனியில் இரண்டாகப் பிரிந்து, விரல் இரண்டை விரித்துக் காட்டினாற்போல் இருக்கும். இதில் நாலு, ஐந்து விரல். வந்தது பெர்முடா, அதாவது நம் அருகம்புல்லின் சாதி. அன்றிலிருந்து எந்தப் புல் வாங்கினாலும், பூத்த ஒரு பத்தையைக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் முன்பணம் கொடுக்கிறேன்.

அருகம்புல் மோசமில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். வயல் வரப்பில் மிதிபட்டுக் கிடக்கிறதே என்று அதை யாரும் மதிப்பதில்லை. மண்ணின் உப்பு 6, 7 டெசிசீமென்ஸ் வரை வளர்ச்சி பெரிதாகக் குறையாமல் தாங்குகிற புல் அது. நிழல் மட்டும் ஆகாது. பாஸ்பாலத்துக்குக் காசில்லாத இடத்தில் கூச்சப்படாமல் அருகைப் போடுங்கள். கொரியன் என்று விற்கும் ஜாய்சியாவும் உப்பைத் தாங்கும், உள்ளங்கையை வைத்தால் மெல்லக் குத்தும், மெத்தை மாதிரி எழும். ஆனால் மெதுவாகத்தான் படரும். ஒரு வருஷம் இடைவெளிகளில் களை பிடுங்கப் பொறுமை வேண்டும். அகல இலையுள்ள கார்பெட் புல்லை, தாவரப் பெயர் ஆக்ஸோனோபஸ், கடலோரத்தில் போடவே போடாதீர்கள். அது கடலை விட்டுத் தள்ளிய ஊர்களில் மரநிழலுக்கு உரியது. எந்தப் புல்லானாலும், உப்பு உள்ள இடத்தில் ஒட்ட வெட்டக்கூடாது. கொஞ்சம் உயரம் விட்டால் வேரும் ஆழமாகப் போகும்.

தூராக நிற்கும் அழகுப் புல்லில், சிவப்பு ஃபவுண்டன் இரண்டாம் வரிசைச் செடி. அதை நான் வெறுக்கவில்லை. மாலை வெயிலில் அதன் கதிர் ஆடுவது மாதிரி வேறு எதுவும் ஆடாது. முன்னால் ஒரு தடுப்பு, வேருக்கு நல்ல தண்ணீர், இரண்டும் இருந்தால் தாராளமாக நடுங்கள். அதே விடுதியில் மேற்கு ஓரத்தில், கட்டடத்து மறைவில் நின்ற 60 தூர் ஒன்றுகூடச் சாகவில்லை.

முன்வரிசைக்கு என் தேர்வு வெட்டிவேர். அழகுச் செடியாக யாரும் நினைப்பதில்லை, எனக்கு அது வருத்தம். நான்கடி, ஐந்தடி உயரத்துக்குக் கோயில் சாமரம் மாதிரி எழும்பி வளையும். வேர் நேராகக் கீழே போகும், மூன்று மீட்டர்கூட இறங்கும். பக்கத்துச் செடியைத் தொந்தரவு செய்யாது. தென்னாட்டு வெட்டிவேர் விதையால் பரவுவதில்லை, தூர் பிரித்து நட்டால்தான் உண்டு. கடலூர்ப் பக்கத்துக் கடற்கரை மணலில் அதைப் பயிராகவே வைக்கிறார்கள், தூர் அங்கிருந்துதான் கொண்டுவருகிறேன். நாலு விரற்கடை இடைவெளியில் இரட்டை வரிசை. முழு வெயில் கட்டாயம்.

2018 புரட்டாசியில் வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை போகும் வழியில் ஒரு வீட்டுக்கு இப்படி இரட்டை வரிசை வைத்தேன். நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. பத்து நாள் கழித்துத்தான் என்னால் போக முடிந்தது. வழியெல்லாம் தென்னை சாய்ந்து கிடந்தது. நின்ற மரங்களின் இலையும் தீயில் வாட்டின மாதிரி பழுப்பாக இருந்தது, அவ்வளவும் உப்புக்காற்று. அந்த வீட்டு அம்மாவுக்கு 70 தென்னை போயிருந்தது. நான் புல்லைப் பற்றிப் பேசவே கூசினேன். அவர்களே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார்கள். வெட்டிவேர் முழுக்கக் கருகி, ஆனால் ஒரு தூரும் பெயராமல் நின்றது. அரையடி விட்டு அறுத்தோம். மார்கழி பாதியில் தூர் நடுவிலிருந்து பச்சை வந்துவிட்டது என்று போன் செய்தார்கள்.

நாணலும் வைத்திருக்கிறேன். கொள்ளிடக் கரையில் புரட்டாசிக்குமேல் வெள்ளையாகப் பூத்து நிற்பதைப் பார்த்த யாருக்கும் ஆசை வரும். ஓரளவு உப்பைத் தாங்கும். ஆனால் அடித்தண்டு ஓடி ஊரையே பிடித்துவிடும். கிணற்றுக்கு இறக்கும் சிமெண்ட் உறை ஒன்றைப் புதைத்து அதற்குள் நட்டேன், அடங்கியிருக்கிறது.

அப்புறம், கடலுக்கு நேராக மணல்மேட்டிலேயே நிற்கிற இராவணன் மீசை. முள்முள்ளாக உருண்டையாய்க் கதிர் வரும். அது உதிர்ந்து காற்றில் மணலில் உருண்டோடும், பிள்ளைகள் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். உப்புத் துளி நேரடியாக அடித்தாலும் அசையாது, ஓடுகிற மணலைப் பிடித்து நிறுத்தி மேட்டையே கட்டுவது அதுவும் அடும்பங்கொடியும்தான். ஆனால் இதைத் தோட்டத்துக்கு வாங்கித் தரச் சொல்லி என்னிடம் கேட்கிறார்கள், நான் மறுத்துவிடுகிறேன். மணல்மேட்டிலிருந்து பிடுங்கினால் மேடு போகும். மணல்மேடுகள் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் பாதுகாக்கப்பட்டவை. மாசிலாமணி நாதர் கோயிலைக் கடல் எவ்வளவு தின்றிருக்கிறது என்று தரங்கம்பாடியில் நின்று பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டுக்கு முன்னால் இராவணன் மீசை தானாக இருந்தால், "சுத்தம் செய்கிறேன்" என்று அதை எடுக்காதீர்கள். உங்கள் தோட்டத்தின் முதல் வரிசை அதுதான், இலவசமாக வந்தது.

எந்தப் புல் எப்படிச் சமாளிக்கிறது என்று கண்ணால் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வேதாரண்யம் உப்பளப் பக்கம் காலையில் போங்கள். வரப்பை ஒட்டித் தரையோடு படரும் ஒரு குட்டைப் புல் இருக்கும், இலை ஊசி மாதிரி விறைப்பாக, நீலம் கலந்த பச்சையில். ஏலுரோபஸ் என்பது அதன் தாவரப் பெயர். குனிந்து கிட்டே பார்த்தால் இலைமேல் மாவு தூவின மாதிரி வெள்ளைப் பொடி இருக்கும். விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன், சுத்தமான உப்பு. உள்ளே வந்த உப்பை அது இலையிலுள்ள சுரப்பி வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. அருகம்புல்லுக்கும் ஜாய்சியாவுக்கும் இந்தச் சுரப்பி சின்ன அளவில் உண்டு. பாஸ்பாலத்தின் வழி வேறு, அது உள்ளேயே சமன்செய்துகொள்கிறது.

தரங்கம்பாடி விடுதியில் இப்போது கடல் பக்கம் கீற்றுத் தட்டி, அதையடுத்து வெட்டிவேர் இரட்டை வரிசை, அதற்குப் பின்னால்தான் சிவப்பு ஃபவுண்டன். தரைக்குப் பாஸ்பாலம். தென்மேற்கு மூலையை மட்டும் இரண்டு மழைக்காலம் சும்மா விட்டிருந்தேன். போன ஐப்பசியில் டம்ளரில் மண்கட்டி போட்டுப் பார்த்தேன், தண்ணீர் தெளிவாகவே இருந்தது. பேனாவும் நல்ல எண் காட்டியது. அங்கே அருகு வைத்தோம். ஆயா தட்டிக்கு வடக்கே அதே இடத்தில் கருவாடு காயப்போடுகிறார். வெட்டிவேரை அறுக்கும் நாளில் தாளை அவருக்குக் கொடுத்துவிடுகிறோம். கூரைக்கு ஆகும் என்று அடுக்கி வைத்திருக்கிறார்.